பத்துப் பேர் ஓட, நாலு பேர் பார்க்க... இந்த ஆட்டம் தெரியுமா?

ஃபிளாக் ஃபுட்பால் என்கிற ஆட்டம் ஒலிம்பிக்கில் சேர்வது எந்த ஊரில் முடிவானது தெரியுமா? நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ இல்லை. நம் மும்பையில்! 2023 அக்டோபர் 16 அன்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 141வது அமர்வு அங்கே நடந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குக் கூடுதலாக ஐந்து விளையாட்டுகள் அன்றைக்குச் சேர்க்கப்பட்டன. கிரிக்கெட் அதில் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்குவாஷ், லக்ரோஸ், பேஸ்பால்-சாஃப்ட்பால் இவற்றோடு சத்தமில்லாமல் உள்ளே வந்த ஐந்தாவது ஆள்தான் ஃபிளாக் ஃபுட்பால்.

ஹெல்மெட், தோள்பட்டைக் கவசம் மாட்டிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து விழும் அமெரிக்கன் ஃபுட்பாலை ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் தம்பிதான் இது. ஆனால் இங்கே யாரும் யாரையும் கீழே தள்ளக் கூடாது. இடுப்பில் இரண்டு பக்கமும் இரண்டு பட்டைகள் தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் பட்டையை எதிரணி உருவிவிட்டால் அந்த ஓட்டம் முடிந்தது. அணிக்கு ஐந்து பேர். ஹெல்மெட் கிடையாது, கவசம் கிடையாது, உதைக்கிற வேலையும் கிடையாது. பந்து தரையைத் தொட்டாலே அது செத்த பந்து.

மைதானம் எவ்வளவு பெரியது தெரியுமா? அகலம் வெறும் 25 கெஜம்! கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 22 கெஜம் என்பதை நினைத்துக்கொண்டால், அதைவிட மூன்றே கெஜம்தான் கூடுதல். நீளம் 50 கெஜம், அதற்கு மேல் இரண்டு முனையிலும் புள்ளி எடுக்கும் எண்ட் ஸோன் பத்துப் பத்து கெஜம். சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் எந்த உயர்நிலைப் பள்ளி மைதானத்திலும் இது தாராளமாக அடங்கிவிடும்.

ஆனால் இந்தச் சின்ன இடத்துக்குள் சர்வதேசப் போட்டிகளில் நான்கு நடுவர்கள் நிற்கிறார்கள். எதற்கு இத்தனை பேர்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

பதினொரு பேர் ஆடும் பெரிய ஆட்டத்தில், முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர் முன்னால் வீசப்படும் பந்தைப் பிடிக்கவே கூடாது. அவர்கள் வேலை மறிப்பது மட்டும். ஆகவே நடுவர்கள் தங்களுக்குள் கண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்: நீ மறிக்கிறவரைப் பார், நான் பிடிக்கிறவரைப் பார்க்கிறேன் என்று. ஃபிளாக் ஃபுட்பாலில் அந்தச் சலுகையே இல்லை. ஐந்து பேரில் யார் வேண்டுமானாலும் பந்தைப் பிடிக்கலாம். பந்தைக் கால் இடுக்கு வழியே பின்னால் கொடுத்த சென்டரே அடுத்த நொடி ஓடிப்போய்ப் பிடிக்கலாம். சென்டரிடமிருந்து பந்தை வாங்கி வீசுகிறவர் குவார்ட்டர்பேக்; பந்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் அவரும் பிடிக்கலாம். ஆள் குறைந்துவிட்டதே, நடுவருக்குச் சுலபம் என்றுதான் முதலில் தோன்றும். நிஜத்தில் ஒவ்வொரு ஆளும் ஆபத்தான ஆள், ஒவ்வொரு கண்ணும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டிய கண். ஆள் குறையக் குறைய நடுவரின் வேலை கூடுகிறது. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இவ்வளவு ஆசை வந்ததற்கு இதுதான் காரணம்.

நான்கு பேரில் தலைவர் ரெஃப்ரி. தாக்கும் அணிக்குப் பின்னால் நின்று குவார்ட்டர்பேக்கையே கண் கொட்டாமல் பார்ப்பார். இன்னொருவர் டவுன் ஜட்ஜ். பந்து வைக்கப்பட்ட கோட்டுக்கு நேராக ஓரத்தில் நிற்பார். மற்ற இருவர் ஃபீல்ட் ஜட்ஜும் சைடு ஜட்ஜும். தற்காப்பு அணியின் பக்கம் தள்ளி நின்று, ஓடி வருகிறவர்களையும் பறந்து வரும் பந்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இப்போது ஒரே ஓர் ஆட்டத் துண்டை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். தற்காப்பு அணியில் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய நினைக்கிறவர் பந்துக் கோட்டிலிருந்து 7 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். பந்து கைமாறும் முன்பே அவர் கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் அவருக்கு நேர்வழி உரிமை உண்டு. தாக்கும் அணிக்காரர் யாரும் அந்த வழியில் குறுக்கே வரக் கூடாது. பந்து கைமாறுகிறது. அவர் பாய்கிறார். 7 கெஜத்தில் நின்றுதான் கிளம்பினாரா, அரை கெஜம் முன்னால் நழுவினாரா? கை முன்பே உயர்ந்திருந்ததா? குறுக்கே வந்தவர் தற்செயலாக வந்தாரா, வேண்டுமென்றே வந்தாரா? குவார்ட்டர்பேக் பந்துக் கோட்டைத் தாண்டி ஓடினாரா? பந்து கையை விட்டுப் போனது முதலிலா, பட்டை உருவப்பட்டது முதலிலா? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் மூன்று நான்கு நொடிக்குள் வேண்டும். அதற்குள் மறுமுனையில் பந்து இறங்கிவிடும்!

அங்கே இன்னொரு வேலை காத்திருக்கிறது. ஓரக்கோட்டருகே எம்பிப் பிடித்தவரின் ஒரு கால் கோட்டுக்குள் ஊன்றியதா? ஒரு கால் போதும். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் இரண்டு காலும் உள்ளே பட வேண்டும், இங்கே ஒன்றே போதும். கண் காலில் இருக்க வேண்டும், பந்து கையில் நின்றதா என்றும் தெரிய வேண்டும்.

காலையும் கோட்டையும் சேர்த்துப் பார்க்கிற இந்தக் கண் நம் ஊரில் யாரிடம் இருக்கிறது? கபடி அம்பயரிடம்!

போனஸ் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ் உண்டு. பாடிப் போகிறவரின் ஒரு கால் கோட்டைத் தாண்டித் தரையில் பட வேண்டும், அந்தக் கணத்தில் மறு கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். அம்பயர் ஆளை எண்ண வேண்டும், ஊன்றிய காலைப் பார்க்க வேண்டும், தூக்கிய காலையும் பார்க்க வேண்டும், யாராவது தொட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் 30 நொடி ரெய்டுக்குள். 2022 ஜனவரியில் திருப்பதி இந்திரா மைதானத்தில் தேசிய அளவிலான கபடிப் போட்டி நடந்ததே, அங்கே இரவு விளக்கொளியில் இந்த வேலையைத்தான் நடுவர்கள் செய்தார்கள். சங்கராந்திக்கு நம் கிராமங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டுச் சடுகுடு ஆடும்போது, கழுத்தில் விசிலோடு கோட்டோரம் குனிந்து நிற்கும் பி.டி. மாஸ்டர் செய்வதும் இதேதான். ஊர்க்காரர்கள் நூறு பேர் நூறு விதமாகக் கத்தும்போதும் அவர் பார்வை அந்தக் கால் கட்டைவிரலை விட்டு நகராது.

இன்னோர் ஒற்றுமை கேளுங்கள். கபடி அம்பயர் கண்ணால் மட்டும் ஆட்டத்தை நடத்துவதில்லை, காதாலும் நடத்துகிறார். பாடிப் போகிறவர் 'கபடி கபடி' என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாரா, பாட்டு அறுந்ததா என்று கேட்க வேண்டும். ஃபிளாக் ஃபுட்பாலிலும் அப்படியே! இடுப்புப் பட்டை ஒரு சின்னப் பிளாஸ்டிக் குமிழில் செருகப்பட்டிருக்கும். உருவினால் 'பட்' என்று சத்தம் வரும். கூட்டத்துக்குள் பட்டை மறைந்திருந்தாலும் அனுபவசாலி நடுவரின் காதுக்கு அந்தச் சத்தம் தப்பாது. பட்டையை உருவ விடாமல் கையால் தட்டிவிடுவது, பந்தை இடுப்பருகே வைத்து மறைப்பது எல்லாம் குற்றம். கால்சட்டையில் பாக்கெட்டே இருக்கக் கூடாது, விரல் மாட்டிக்கொள்ளும் என்பதால்!

நடுவரின் ஒரு விதிப் புரிதல் எவ்வளவு பெரிய ஆட்டத்தையும் நிறுத்திவிடும் என்பதற்கும் கபடியே சாட்சி. மும்பை முடிவுக்கு ஒன்பது நாள் முன்பு, 2023 அக்டோபர் 7. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கபடி இறுதி. இந்தியாவும் ஈரானும் 28–28. கடைசி நிமிடங்கள். பவன் ஷெராவத் பாடிப் போனார், யாரையும் தொடாமலே ஓரப் பகுதியான லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திய ஈரான் வீரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி அவர் பின்னால் லாபிக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் அவுட். புரோ கபடியில் பழகிய புதிய விதிப்படி பாடிப் போனவர் மட்டும் அவுட், ரெய்டு அங்கேயே முடிந்தது. எந்த விதி? முடிவு ஒரு முறை இப்படி, மறுமுறை அப்படி என்று மாறியது. வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது! பிறகு தொடர்ந்து, இந்தியா 33–29 என்று தங்கம் வென்றது. வென்றதில் மகிழ்ச்சிதான். ஆனால் அன்றைக்குத் திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது வீரர்களை விட நடுவர்களைத்தான். விதிப்புத்தகத்தின் ஒரு வரி எவ்வளவு கனமானது என்று விளையாட்டை நேசிக்கிற ஒவ்வொருவரும் அன்று உணர்ந்திருப்பார்கள்.

ஃபிளாக் ஃபுட்பாலிலும் விதிப்புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். உலக அமைப்பான ஐ.எஃப்.ஏ.எஃப். ஒரு புத்தகம் வைத்திருக்கிறது. என்.எஃப்.எல். சிறுவர்களுக்காக நடத்தும் லீகுகளின் விதி வேறு, அதில் குவார்ட்டர்பேக் 7 நொடிக்குள் பந்தை வீசியாக வேண்டும். சனிக்கிழமை ஒரு புத்தகம், ஞாயிற்றுக்கிழமை வேறு புத்தகம் என்று நடுவராக நிற்கிறவர்களும் உண்டு. மனசுக்குள் தாளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது.

இதே குடும்பத்தில் ஆறு பேர் ஃபுட்பால் என்று ஒன்று உண்டு, தெரியுமா? அது பிறந்த கதை நம் கிராமப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் பிடிக்கும். 1934, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம். பொருளாதார மந்தம் ஊரையே உலுக்கிய காலம். சின்ன ஊர்ப் பள்ளிகளில் பதினொரு பையன்களைத் திரட்ட முடியவில்லை. ஆள் இல்லாததால் ஆட்டமே இல்லை என்கிற நிலை. ஸ்டீபன் எப்ளர் என்ற இளம் ஆசிரியர் உட்கார்ந்து ஆறு பேருக்கு விதிகளை எழுதினார். 1934 செப்டம்பர் 26 இரவு ஹெப்ரான் என்ற சிற்றூரில் முதல் ஆட்டம். நான்கு பள்ளிகள் சேர்ந்து இரண்டு அணி. முடிவு 19–19, சமம்! அந்த எப்ளர்தான் பின்னாளில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1946ல் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அது வளர்ந்து இன்றைய போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஆறு பையன்களுக்காக யோசித்த மனசு ஒரு பல்கலைக்கழகத்துக்கே வித்திட்டிருக்கிறது!

எப்ளரின் ஆட்டத்தில் எண்கள் எல்லாமே தலைகீழ். பெரிய ஆட்டத்தில் 10 கெஜம் முன்னேறினால் புது வாய்ப்பு, இங்கே 15 கெஜம். பந்தை முதலில் வாங்கியவர் இன்னொருவருக்குத் தராமல் தானே கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது. ஃபீல்டு கோல் உதைத்தால் பெரிய ஆட்டத்தில் 3 புள்ளி, இங்கே 4. பந்தை எண்ட் ஸோனுக்குள் சேர்க்கும் டச் டவுனுக்குப் பின் உதைத்தால் 2 புள்ளி, ஓடியோ வீசியோ எடுத்தால் 1. பெரிய ஆட்டத்தில் இது நேர்மாறு. காரணம் இருக்கிறது: உதைப்பவரைக் காக்க முன்வரிசையில் ஆள் குறைவு, அதனால் உதைப்பதுதான் இங்கே கஷ்டம். பாதி நேரம் முடிந்த பிறகு எப்போது 45 புள்ளி வித்தியாசம் வந்தாலும் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. பல வருஷம் பதினொருவர் ஆட்டத்தில் நின்ற நடுவர் இங்கே வந்தால் பழக்கமான கையே பகையாகிவிடும். கை தானாக மூன்று புள்ளி காட்டப் போகும்.

இடத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் மைதானம் எண்ட் ஸோனையும் சேர்த்து 100 கெஜம் நீளம், 40 கெஜம் அகலம். ஆளுக்கு 333 சதுர கெஜம் வருகிறது. பதினொருவர் ஆட்டத்தில் ஆளுக்குச் சுமார் 291தான். வீரர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓட இடம் அதிகம்! ஆறு பேரும் பந்தைப் பிடிக்கலாம். ஓட்டம் தொடங்கினால் முனை வரைக்கும் நிற்காது. நடுவருக்கு நல்ல நுரையீரல் வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளிகள் இன்றைக்கும் இதை ஊர்த் திருவிழாவாகவே கொண்டாடுகின்றன.

இன்னும் ஒன்று: வலையில் பட்டுத் திரும்பி வரும் பந்தையும் பிடிக்கலாம் என்கிற ஃபுட்பால்! அது அரினா ஃபுட்பால், அணிக்கு எட்டுப் பேர். 1981ல் ஜிம் ஃபாஸ்டர் நியூயார்க்கில் உள்ளரங்கக் கால்பந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த உறையின் மேலேயே இந்த ஆட்டத்தை வரைந்துவிட்டார். 1987ல் லீக் தொடங்கியது. கோல் கம்பத்துக்கு இரு பக்கமும் இறுக்கிக் கட்டிய வலை. குறி தப்பிய உதை அதில் மோதி மைதானத்துக்குள்ளேயே திரும்பினால் அது உயிருள்ள பந்து, யாரும் எடுத்துக்கொண்டு ஓடலாம். மைதானத்தைச் சுற்றி மெத்தை வைத்த சுவர். ஓரக்கோட்டுக்கு வெளியே ஓடித் தப்பிக்க நடுவருக்கு இடமே இல்லை! இந்த ஆட்டத்தில் பேர் எடுத்துத்தான் கர்ட் வார்னர் என்.எஃப்.எல்.லுக்குப் போய், 2000 ஜனவரி சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் சிறந்த வீரர் விருது வாங்கினார்.

அந்த வார்னருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு என்பது தெரியுமா? 2011ல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று ஒன்று அறிவிக்கப்பட்டது. பதினொருவர் ஆட்டம்தான். பணம் போட்டவர்களில் வார்னரும் பயிற்சியாளர் மைக் டிட்காவும் உண்டு. இந்திய வம்சாவளி என்.எஃப்.எல். வீரர் பிராண்டன் சில்லரும் அதில் சேர்ந்தார். எட்டு அணிகள். அப்போது ஒன்றாக இருந்த ஆந்திரத்திலிருந்து ஹைதராபாத் ஸ்கைகிங்ஸ், இலங்கையிலிருந்து கொழும்பு லயன்ஸும் கண்டி ஸ்கைகிரஷர்ஸும். முதல் பட்டம் புணே மராத்தாஸுக்கு. கபடி, ரக்பி ஆடிப் பழகியவர்கள் பலர் அதில் களமிறங்கினார்கள். கபடி ஆடிய கை ஆளைப் பிடிக்கும், கபடி நடத்திய கண் கோட்டைப் பிடிக்கும். அந்த லீக் நிலைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பதினொருவர் ஆட்டத்துக்கு வேண்டிய கவசச் செலவே ஒரு பெரிய தடை. ஐவர் ஆட்டத்துக்கு அந்தத் தடை கிடையாது.

சரி, நடுவரின் கையிலும் இடுப்பிலும் என்னென்ன இருக்கும்? இதைக் கிட்டத்தில் பார்த்தால் அதிசயமாக இருக்கும். மணிக்கட்டில் ஓர் எலாஸ்டிக் பட்டை, அதிலிருந்து ஒரு சின்ன வளையம். முதல் டவுன், அதாவது முதல் முயற்சி என்றால் வளையம் ஆள்காட்டி விரலில். இரண்டாவது என்றால் நடுவிரலில். மூன்றாவது மோதிர விரல், நான்காவது சுண்டுவிரல். எத்தனையாவது முயற்சி என்று ஸ்கோர் பலகையைப் பார்க்க வேண்டாம், விரலே சொல்லும். ஐவர் ஆட்டத்தில் பாதிக் கோட்டைத் தாண்ட நான்கு முயற்சி, தாண்டிவிட்டால் புள்ளி எடுக்க இன்னும் நான்கு. எண்ணிக்கை ஒன்று தவறினால் ஓர் அணியின் வாய்ப்பே பறிபோகும். அத்தனை பெரிய பொறுப்பை ஒரு ரப்பர் வளையம் சுமக்கிறது!

இடுப்பில் ஒரு குட்டிப் பை, உள்ளே பயறோ அது போன்ற ஏதோ நிரப்பியது. குற்றம் இல்லாத, ஆனால் நினைவில் வைக்க வேண்டிய இடத்தில் அதைப் போட்டுவிட்டு ஓடுவார். விசிலைப் பலர் வாயில் வைத்துக்கொள்வதில்லை, விரலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன் தெரியுமா? அவசரப்பட்டு ஊதிவிட்டால் பந்து அங்கேயே செத்துவிடும், ஊதிய விசிலைத் திரும்ப வாங்க முடியாது. கையிலிருந்து வாய்க்கு வரும் அந்த அரை நொடியில் கண் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளும். நம் அம்பயர்களுக்கும் நான் சிபாரிசு செய்வேன்.

அப்புறம் அந்த மஞ்சள் துணி! குற்றம் நடந்தால் நடுவர் தூக்கிப் போடுவாரே, அது ஒரு வீட்டுத் தையலில் பிறந்தது. முன்பெல்லாம் ஊதுகுழலை ஊதித்தான் குற்றத்தை அறிவிப்பார்கள், கூட்டத்தின் இரைச்சலில் பாதிப் பேருக்குக் கேட்காது. ஒஹையோவில் யங்ஸ்டவுன் கல்லூரியின் பயிற்சியாளர் டுவைட் பீடி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று யோசித்தார். அவர் மனைவி இர்மா, மகளின் பழைய ஹாலோவீன் உடையிலிருந்து சிவப்புத் துணியும் பழைய படுக்கை விரிப்பிலிருந்து வெள்ளைப் பட்டையும் வெட்டி, பறக்காமல் விழுவதற்கு ஈயக் குண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். முதன்முதலில் அது களத்தில் விழுந்தது ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில்.  அது 1941 அக்டோபர்.  

கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்கும் ஒரு நடுவரின் தவிப்புதான் காரணம். 1920ல் மிச்சிகனைச் சேர்ந்த லாயிட் ஓல்ட்ஸ் வெள்ளைச் சட்டையோடு ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஓர் அணியும் வெள்ளைச் சட்டை. குவார்ட்டர்பேக் குழம்பிப்போய்ப் பந்தை நடுவர் கையிலேயே கொடுத்துவிட்டார்! நண்பரிடம் சொல்லிக் கோடு போட்ட சட்டை தைத்துக்கொண்டார் ஓல்ட்ஸ். இன்று உலகமே அதைத்தான் போடுகிறது.

பெண்கள்? இங்கே பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. சாரா தாமஸ் 2015ல் என்.எஃப்.எல்.லின் முதல் முழுநேரப் பெண் நடுவரானார். 2021 பிப்ரவரி 7 அன்று சூப்பர் பவுலில் நின்ற முதல் பெண்ணும் அவரே. அவர் நின்ற இடம் டவுன் ஜட்ஜ், ஐவர் ஆட்டத்திலும் இருக்கிற அதே பொறுப்பு. களத்திலும் அப்படித்தான். 2022 உலக விளையாட்டுப் போட்டியில், அமெரிக்க மண்ணிலேயே, பர்மிங்ஹாம் நகரில், மெக்சிகோ பெண்கள் அமெரிக்காவை 39–6 என்று சாய்த்துத் தங்கம் வாங்கினார்கள். குவார்ட்டர்பேக் டயானா ஃப்ளோரஸ் பட்டையை உருவ விடாமல் இடுப்பை வளைத்து நழுவுகிற அழகைக் காணக் கண் கோடி வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு ஆறு அணி, பெண்களுக்கும் ஆறு அணி, அணிக்குப் பத்துப் பேர் என்று சமமாகவே வைத்திருக்கிறார்கள்.

1932ல் இதே லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கன் ஃபுட்பால் கண்காட்சி ஆட்டமாக நடந்தது. நான்கு வருஷம் கழித்து, 1936 பெர்லினில், மகாராஷ்டிரத்து அமராவதியிலிருந்து போன ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு நம் கபடியை ஆடிக் காட்டியது. அமெரிக்கன் ஃபுட்பாலின் தம்பிக்கு ஒலிம்பிக் கதவு திறந்துவிட்டது. கபடி இன்னும் வாசலில் நிற்கிறது. கபடிக்குள்ளிருந்து வந்த கண்கள் நடுவராகவாவது அந்தக் கதவுக்குள் போகட்டுமே என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். திருப்பதியில் 1954லிருந்து இயங்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்களுக்கென்றே 1983ல் வந்த ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. உடற்கல்வி படிக்கிற பிள்ளைகளுக்கு ஐ.எஃப்.ஏ.எஃப். விதிப்புத்தகம் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. கையில் கபடிப் பழக்கம் இருந்தால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

கோடு போட்டுப் பார்க்க நினைக்கும் பி.டி. மாஸ்டர்களுக்கு மீட்டர் கணக்கு இதோ. அகலம் 22.86 மீட்டர். நீளம் 45.72, முனைக்கு முனை எண்ட் ஸோன் 9.14. பாதிக் கோட்டுக்கும் புள்ளிக் கோட்டுக்கும் முன்னால் 4.57 மீட்டரில் ஒரு கோடு. அதற்குள் வந்துவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது, வீசித்தான் ஆக வேண்டும். பாய்கிறவர் நிற்க வேண்டிய தூரம் 6.40 மீட்டர். ஆட்டம் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. கடைசி இரண்டு நிமிடத்தில் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும், அப்போதுதான் நடுவரின் விரலில் அந்த வளையம் எங்கே இருக்கிறது என்று இரண்டு அணியும் வந்து பார்க்கும்.